பீரோ நிறையச் சேலை வைத்திருக்கும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

ஆனித் தேரோட்டத்துக்கு உடுத்த ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு வந்தபோது உன் பீரோவைப் பார்த்தேனே, கதவைச் சாத்தவே ஆள் வேண்டும் போலிருந்தது. அதனால் வடக்கு ரத வீதித் துணிக்கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடு.

கலர் பார்ப்பதில் நீ கெட்டிக்காரி. தொந்தரவே அங்கேதான். பச்சைச் சேலைக்கு அதே பச்சையில் ஜாக்கெட், அதே பச்சையில் வளையல். சேலையோடு ஒட்டி வருகிற துணியையே வெட்டித் தைத்துப் போட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே வழவழப்பு. எனக்கு அது பிடிப்பதே இல்லை. ஒருநாள் கலரை மறந்துவிட்டு, விரலால் தடவித் தடவி ஜோடி சேர்த்துப் பார். மினுங்குவதோடு மங்கல், வழுக்குவதோடு சொரசொரப்பு.

அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக்கொள். அதன் ஜாக்கெட் உனக்கு எப்படியும் பத்தாது. கல்லூரிக்குப் போடுகிறாயே கருப்புக் கதர் ஜாக்கெட், அதைப் போடு. கதர் கையால் நூற்ற நூல். அங்கங்கே தடித்தும் மெலிந்தும் இருக்கும், மினுங்காது. பக்கத்தில் ஓடுகிற சரிகை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். தேர்க் கூட்டத்தில் வியர்த்து ஊற்றும். பட்டு ஜாக்கெட்டில் அக்குளில் கறை விழுந்தால் லேசில் போகாது, கதரைத் துவைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கனத்த பட்டு முந்தியை மெல்லிய ‘வாயில்’ துணி ஜாக்கெட்டில் பின் குத்தினால் தோளில் கிழித்துவிடும். கதர் தாங்கும்.

வீரவநல்லூர் செடிபுட்டா இருக்கிறதே (2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான்), அதன் கதை வேறு. பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்து நெய்வதால் மங்கலும் மினுக்கும் சேலையிலேயே வந்துவிடுகிறது. ஜாக்கெட் சும்மா வெறும் பருத்தியாக இருக்கட்டும். அதற்குப் போய் எம்ப்ராய்டரி செய்கிறார்கள், பாவம்!

கண்டாங்கி ஒன்று போதும், இரண்டு சேலைக்குச் சமம். கஞ்சி போட்டால் கொசுவம் விறைத்து நிற்கும்; அன்றைக்கு மெத்தென்ற பழைய ஜாக்கெட் போடு. கஞ்சி இல்லாமல் துவைத்தால் துவண்டு விழும். அப்போது கெட்டித் துணி ஜாக்கெட். வடிகஞ்சியை நன்றாக நீர்க்க வை, இல்லையென்றால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும்.

ஜார்ஜெட் இடுப்பில் நிற்கவில்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறாய். ஏட்டி, சாட்டின் உள்பாவாடைமேல் ஜார்ஜெட் எப்படி நிற்கும்? பருத்திப் பாவாடை கட்டு, அது பிடித்துக்கொள்ளும். குற்றாலச் சாரலில் நனைந்தாலும் ஜார்ஜெட் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஜோடியை ஜன்னலோரம் விரித்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் போட்டோ எடு. போனிலேயே அதைக் கருப்பு வெள்ளையாக மாற்று. அதிலும் இரண்டும் தனித்தனித் துணியாகத் தெரிந்தால் தாராளமாக உடுத்து. ஒன்றாகக் கலந்து போனால் ஜாக்கெட்டை மாற்று.

ஜீன்ஸுக்கு நான் சொல்லவே வேண்டாம், கைத்தறிக் குர்தா எல்லாமே சேரும். அப்புறம், அந்தக் கத்தரிப்பூ கலர் சில்க் ஷால் உன்னிடம் சும்மாதான் கிடக்கிறது. எனக்கு எடுத்து வை, என் முரட்டுக் காட்டன் சுடிதாருக்கு வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா