கண்ணை மட்டும் விட்டுவிட்டு...

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 28 நம் பள்ளியின் பாதுகாவலர் புனித அகுஸ்தீனின் திருநாள். ஒவ்வொரு வருடமும் காலையில் பூசை, அப்புறம் பிள்ளைகளுக்கு இனிப்பு, மதியம் கலை நிகழ்ச்சி என்று முடித்துவிடுகிறோம். வாசல் வளைவில் பெயர் எழுதியிருக்கிறதே, அவர் யார் என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே "ஒரு பிஷப்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருடம் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் நீங்கள்தான். ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து ஏறக்குறைய ஒரே வசனத்தைச் சொன்னீர்கள். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர், நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்." இன்னொருவர் அடியாத மாடு படியாது என்றார். யாரும் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீளமான கடிதம், இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் படியுங்கள்.

அகுஸ்தீன் பிறந்தது 354ஆம் ஆண்டு நவம்பர் 13, வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சின்ன ஊரில். அன்று அது ரோமப் பேரரசு, இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்ற ஊர். அப்பா பத்ரீசியுஸுக்குக் கொஞ்சம் நிலமும் ஊர் மன்றத்தில் ஒரு பதவியும் இருந்தன, கையில் பணம்தான் இல்லை. அவர் கிறிஸ்தவர் அல்ல, கடைசிக் காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அம்மா மோனிக்கா பக்தியுள்ள கிறிஸ்தவர். பையன் படித்து ஆளாகிவிட்டால் குடும்பம் தலை நிமிர்ந்துவிடும் என்று நம்பிய வீடு அது, உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் வாங்கியது அடி. நாற்பது வயதைத் தாண்டி, ஆயராகி, அதாவது பிஷப்பாகி, பெரிய பெயர் வாங்கிய பிறகு 'கன்ஃபெஷன்ஸ்' என்ற தன் வாழ்க்கைக் கதையை எழுதும்போதும் அந்த அடி அவருக்கு மறக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது பள்ளியில் அடி விழக் கூடாது என்று கடவுளிடம் கெஞ்சியதை எழுதுகிறார். உருவம்தான் சிறியது, கெஞ்சல் சிறியதல்ல என்கிறார். அடுத்து வரும் வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தனக்கு எந்தக் கெடுதலும் நினைக்காத பெற்றோரும் தன் முதுகில் விழுந்த அடியைப் பார்த்துச் சிரித்தார்களாம். பெரியவர்கள் சித்திரவதைக் கருவிகளுக்கு எப்படி நடுங்குவார்களோ அப்படித்தான் பிள்ளைகள் ஆசிரியரின் அடிக்கு நடுங்குகிறார்கள், அதை ஏன் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று கேட்கிறார். அவர் இதை எழுதி 1600 வருடங்கள் ஓடிவிட்டன.

எதற்காக அடி? பந்து விளையாடியதற்கு. அடித்த ஆசிரியரையும் அவர் விடவில்லை. அற்பமான ஒரு விஷயத்தில் சக ஆசிரியர் ஒருவர் தன்னை மடக்கிவிட்டால், பந்தாட்டத்தில் தோற்ற என்னைவிட அதிகமாக அவர் பொறாமையில் வெந்துபோவாரே, அவரை யார் அடித்தார்கள் என்று கேட்கிறார். எங்கள் ஆசிரியர் அறையில் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பாடத்திலும் அவர் நீங்கள் நினைக்கிற மாதிரி முதல் மாணவர் அல்ல. ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் இரண்டும் நான்கு என்று வகுப்பில் ராகம் போட்டுச் சொல்வது காதுக்கே வேம்பாக இருந்ததாம். கிரேக்க மொழி பிடிக்கவே இல்லை. ஆனால் லத்தீன் கதைகள் என்றால் உயிர், காதலில் உயிர்விட்ட தீதோ ராணிக்காக அழுத பையன் அவர். ஏன் இந்த வித்தியாசம் என்று பிற்பாடு தானே யோசித்துப் பார்க்கிறார். லத்தீன் மொழி அவருக்கு செவிலித் தாய்மாரின் கொஞ்சலிலும் கூட இருந்தவர்களின் வேடிக்கைப் பேச்சிலும் பயமில்லாமல் வந்தது. கிரேக்கம் மிரட்டலோடும் அடியோடும் வந்தது. மொழி கற்க, பயமூட்டும் கட்டாயத்தைவிடச் சுதந்திரமான ஆர்வத்துக்குத்தான் அதிக சக்தி உண்டு என்று எழுதிவைத்தார். அவர் சொன்னது அவர் வாழ்க்கையிலேயே நடந்தது. மேற்குலகத்தின் மிகப் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவர், கிரேக்கத்தில் கடைசிவரை சரளமாகவே இல்லை. அடித்துச் சொல்லிக்கொடுத்ததன் பலன் அவ்வளவுதான்.

முதுமையில், எழுபதை ஒட்டிய வயதில், 'கடவுளின் நகரம்' என்ற பெரிய நூலில் இன்னொரு இடத்தில் சொல்கிறார்: சாவா, மறுபடியும் குழந்தைப் பருவமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் சாவைத் தேர்ந்தெடுக்காதவர் யார்? அறுபது வருடம் கழித்து இப்படி எழுத வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேல்படிப்புக்கு மதாவுரா என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கார்த்தேஜ் நகரம், ஆனால் அதற்கு அப்பாவிடம் பணம் இல்லை. பணம் திரட்டும்வரை 16 வயதுப் பையன் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தார். அந்த வருடத்தில்தான் பேரிக்காய் விவகாரம். பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை நண்பர்களோடு நடுராத்திரியில் போய் உலுக்கி, மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்து பன்றிகளுக்கு வீசினார்கள். பசி இல்லை, பழமும் பார்க்கவோ தின்னவோ அப்படியொன்றும் நன்றாக இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. ஏன் செய்தோம் என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறார். கடைசியில் தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்கிறார். எட்டாம் வகுப்பில் கழிப்பறைக் குழாயை உடைத்தது யார் என்று நான் விசாரிக்கும்போதெல்லாம் இந்தப் பேரிக்காய்தான் நினைவுக்கு வருகிறது.

ஊர்க்காரர்கள் அந்த அப்பாவை மெச்சினார்களாம், தகுதிக்கு மீறிச் செலவழித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறாரே என்று. பையன் எப்படிப்பட்டவனாக வளர்கிறான் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை என்று மகன் எழுதுகிறார். கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் அப்பாக்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நான் பத்ரீசியுஸ் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். ஊர்ச் செல்வந்தர் ரொமானியானுஸ் கைகொடுத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது.

கார்த்தேஜில் அப்பா இறந்த செய்தி வந்தது. ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தார், 18 வயதை ஒட்டி ஒரு மகனும் பிறந்தான், பெயர் அதெயோதாத்துஸ். அம்மாவின் மதத்தை விட்டு, உலகமே ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர் என்று சொன்ன மானி சமயத்தில் சேர்ந்து ஏறக்குறைய 9 வருடம் அதிலேயே இருந்தார். மோனிக்கா என்ன செய்தார்? முதலில் வீட்டில் சேர்க்கவில்லை, அப்புறம் சேர்த்துக்கொண்டார், நாள்தோறும் அழுதார். ஓர் ஆயரிடம் போய், நீங்கள் அவனிடம் பேசிப் புரியவையுங்கள் என்று கேட்டார். அந்த ஆயரும் சிறுவயதில் மானி சமயத்தில் வளர்ந்து, அதன் நூல்களையெல்லாம் படித்துவிட்டுத் தானாக வெளியே வந்தவர். இப்போது பேசிப் பயனில்லை, அவனை விட்டுவிடு, அவனே படித்துப் புரிந்துகொள்வான், நீ செபம் மட்டும் செய் என்றார். இந்த அம்மா விடவில்லை, மறுபடி மறுபடி அழுது கேட்க, அவர் அலுத்துப்போய், "போம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போகாது" என்ற பொருளில் சொல்லி அனுப்பினார். நானும் பல அம்மாக்களிடம் "விடுங்கம்மா, வருவான்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை யாரிடம் எப்போது சொல்வது என்பதுதான் கடினம்.

இதற்கிடையில் அவரே ஆசிரியராகிவிட்டார். கார்த்தேஜ் மாணவர்களின் ரகளை தாங்காமல் 383இல் ரோமுக்குக் கப்பல் ஏறினார். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, அவர் புனித சிப்ரியான் ஆலயத்தில் செபம் செய்துகொண்டிருந்த இரவில் கிளம்பிப் போனார். ரோமில் மாணவர்கள் அடக்கமாக இருந்தார்கள், ஆனால் கட்டணம் கொடுக்கும் நாள் வந்ததும் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவார்களாம். (யாரையும் குத்திக்காட்டவில்லை. பாக்கி உள்ளவர்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்.)

384இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் பதவி. அங்கே ஆயர் அம்புரோசின் மறையுரையைக் கேட்கப் போனார், பேச்சு நடை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். பேச்சோடு பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. 386இல் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டதும், பவுலின் திருமுகத்தைத் திறந்து படித்ததும் உங்களில் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த கதை. 387 உயிர்ப்புப் பெருவிழா இரவில், மகனோடு சேர்ந்து அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார்.

மகன் அதெயோதாத்துஸுக்கு 16 வயது இருக்கும்போது அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசிய உரையாடல் ஒன்று நூலாக இருக்கிறது, தலைப்பே 'ஆசிரியர்'. அதில் மகன் பேசுவதாக வரும் கருத்துகள் எல்லாமே அவனுடையவைதான், அவன் அறிவு என்னை மலைக்க வைத்தது என்கிறார். கொஞ்ச காலத்தில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அந்தப் பிள்ளையைப் பெற்றவளைத் திருமண ஏற்பாட்டுக்காக மிலானிலிருந்தே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள், அவள் பெயரைக்கூட அவர் எங்கும் எழுதவில்லை. எவ்வளவு பெரிய புனிதராக இருந்தாலும் இது எனக்கு நெருடல்தான்.

391இல் ஹிப்போ என்ற துறைமுக ஊருக்குப் போனபோது (இன்றைய அன்னாபா) மக்கள் கோயிலில் பிடித்துவைத்துக் குருவாக்கிவிட்டார்கள். அவர் அழுதார். உடனே ஆயராக்கவில்லை என்று அழுகிறார் போலிருக்கிறது என நினைத்துச் சிலர் ஆறுதல் சொன்னார்களாம்! நாலைந்து வருடத்தில் ஆயரானார், சாகும்வரை அங்கேயேதான். நூல் எழுதும் நேரம் போக, ஊரார் வழக்கெல்லாம் அவரிடம் வரும், சில நாள் சாப்பிடாமல் பொழுது சாயும்வரை பஞ்சாயத்து நடக்கும். கைதிகளை மீட்கக் கோயிலின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கினார். ஆள்பிடிக்கும் வியாபாரிகள் கடல் கடந்து விற்கக் கொண்டுபோக இருந்த ஏறத்தாழ 120 பேரை ஹிப்போ சபையினர் விடுவித்ததை அவர் எழுதிய கடிதம் ஒன்று சென்ற நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது. அவர் சாப்பாட்டு மேசையில், இங்கில்லாதவரைப் பற்றிப் புறம்பேசுபவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்று பொருள்படும் செய்யுள் எழுதியிருந்தது. மீறிப் பேசிய சக ஆயர்களிடம், ஒன்று அதை அழித்துவிடுங்கள், இல்லை நான் எழுந்து போகிறேன் என்றாராம்.

ஆசிரியராக எனக்குப் பிடித்த அகுஸ்தீன் 400ஆம் ஆண்டு வாக்கில் தெயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டருக்குப் பதில் எழுதியவர். புதிதாக வருபவர்களுக்குச் சொன்னதையே சொல்லிச் சொல்லி எனக்கே சலிக்கிறது என்று அவர் புலம்பியிருந்தார். நமக்குப் பழகிப்போன ஊரைப் புதிதாக வந்தவருக்குச் சுற்றிக்காட்டும்போது அவருடைய வியப்பில் நமக்கும் ஊர் புதிதாகிவிடவில்லையா, அப்படிச் சொல்லிக்கொடு என்று பதில். கேட்பவர் கொட்டாவி விட்டால் கலகலப்பாக எதையாவது சொல், இல்லையென்றால் உட்கார ஒரு நாற்காலி கொடு என்கிறார். கொட்டாவி விட்டவரை வெளியே நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனாலும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்து சபையினரை அரசு பலத்தால் இழுத்துவருவதை முதலில் எதிர்த்தவர், பிற்காலத்தில் அது சரிதான் என்று வாதாடினார். பயந்து வந்தவர்கள் பிறகு மனமாரத் தங்கிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அடி வாங்கிய பிள்ளை பெரியவனாகி, அடியால்தானே நான் ஆளானேன் என்று சொல்வதை நாம் வீட்டுக்கு வீடு கேட்கிறோம். அவருடைய அந்த வாதத்தைப் பிற்கால அதிகாரிகள் பல நூற்றாண்டுகள் எடுத்துக் கையாண்டார்கள். கிரேக்க வகுப்பைப் பற்றி எழுதியவரையே நான் நம்புகிறேன்.

430இல் வண்டாலியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படை ஹிப்போவைச் சூழ்ந்துகொண்டது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில், ஆகஸ்ட் 28 அன்று, 75 வயதில் அகுஸ்தீன் இறந்தார். உயில் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை. நூல்களைப் பத்திரமாக வையுங்கள் என்பது மட்டும் அவர் எப்போதும் சொல்லிவந்தது. கடைசி வருடங்களில் தான் எழுதிய 93 நூல்களையும் மறுபடி எடுத்து, இங்கே தவறாகச் சொல்லிவிட்டேன், இங்கே அவசரப்பட்டுவிட்டேன் என்று தன் விடைத்தாளைத் தானே திருத்தியும் வைத்துவிட்டுப் போனார். ஊர் எரிந்தது, நூலகம் தப்பியது.

இனி நம் விஷயம். காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வரும். இந்தப் பள்ளியில் யாரும் உங்கள் பிள்ளையை அடிக்க மாட்டார்கள், நீங்கள் அனுமதி கொடுத்தாலும் சரி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது என்பது ஒரு பக்கம், சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். மதிப்பெண் குறைந்தால் பிள்ளையோடு வாருங்கள், எந்தப் பாடம் எந்த இடத்தில் கசக்கத் தொடங்கியது என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம். தோலை உரிப்பது பற்றிய வசனத்தைப் பிள்ளையை வைத்துக்கொண்டு, வேடிக்கைக்காகக்கூட, என் அறையில் சொல்ல வேண்டாம்.

28ஆம் தேதி காலை பூசை, விருப்பமுள்ளவர்கள் வரலாம், மற்றப் பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள். மதியம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பேரிக்காய்த் திருட்டை நாடகமாகப் போடுகிறார்கள். அகுஸ்தீனாக நடிக்க ஆள் தேட வேண்டியிருந்தது, பன்றியாக நடிக்கத்தான் அடிதடி. வீட்டில் பழைய சாம்பல் நிறப் படுக்கை விரிப்பு இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள், திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்