எழுதாமல் விட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872 முதல் நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. எஸ்.பி. நிலை போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும் செல்லும் என்று கூறி, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா அதைத் தகர்த்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தடாவில் பதிந்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. இது என்ன நியாயம்?

வெடிகுண்டுக்காக வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என, அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்று, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வாக்குமூலத்தை நம்பித்தான் தூக்குத் தண்டனை உறுதியானது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தது ஒரு மனிதனின் இளமை.

மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மோக்காவில் எஸ்.பி.யிடம் கொடுக்கும் வாக்குமூலம் இன்றும் செல்லும். அந்தப் பிரிவை உடனே நீக்க வேண்டும்.

வாசகர், மதுரை