கோல் கும்பஸில் கத்தச் சொல்லாதீர்கள்

பிஜாப்பூருக்குப் பேருந்தில் ஆட்களைக் கூட்டிச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சுல்தானின் கல்லறையான கோல் கும்பஸில், குவிமாடத்தை உள்ளே சுற்றிவரும் மாடத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "எல்லாரும் ஒருதடவை சத்தமா கத்துங்க" என்று தொடங்கி வைப்பதே உங்கள் வழிகாட்டிகள்தான். என் வேண்டுகோள் ஒன்றுதான்: கத்தச் சொல்லாதீர்கள்.

போன மாதம் உங்களில் ஒருவரின் பேருந்தில் என் அத்தாவை, அதாவது அப்பாவை, அழைத்துப் போயிருந்தேன். முழங்கால் வலி, ஏழு மாடி ஏற முடியாது என்று கீழேயே நின்றுவிட்டார். நடு மேடையில் பிஜாப்பூர் சுல்தான் முகம்மது ஆதில் ஷாவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் இருப்பவை அடையாளக் கல்லறைகள். உண்மையான கபுர்கள், அதாவது அடக்கக் குழிகள், அவற்றுக்கு நேர் கீழே, நிலவறையில். சுல்தானே ஆனாலும் கஃபன் என்னும் சவத்துணியில் சுற்றி, முகம் மக்கா திசையான கிப்லாவைப் பார்க்க, மண்ணில்தான் அடக்க வேண்டும். மேலே எழும்பும் கல்லெல்லாம் அப்புறம்தான்.

அத்தா மேடையருகே நின்று ஸலாம் சொல்லி, கையேந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தார். மேலிருந்து கூச்சல், விசில். ஒருவர் நாயைப் போல் குரைத்தார். குவிமாடம் அந்தக் குரைப்பைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அத்தா மூன்று முறை தொடங்கினார். ஏழே ஏழு வசனம். முடியவில்லை. ஏந்திய கையை இறக்கிவிட்டு, "வெளியே போய் ஓதிக்கிறேன், வா" என்றார்.

உடன் வந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அது கல்லறை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? துண்டறிக்கையில் 'அதிசய எதிரொலி மண்டபம்' என்றுதானே போட்டிருந்தது.

அதிசயம்தான், மறுக்கவில்லை. 1656 வாக்கில் எழுந்த கட்டடம். 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகள் தாங்குகின்றன. மாடத்தின் ஒரு பக்கம் சுவரோரமாகக் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கிறது. கிசுகிசுத்தால்! கத்தினால் எங்கள் ஊர் கல்யாண மண்டபத்திலும் கேட்கும். அதற்கு இவ்வளவு தூரம் டீசல் செலவழிப்பானேன்?

நேரமில்லை என்று அதே ஊரில் இருக்கும் இன்னொரு சுல்தான் கல்லறையான இப்ராஹிம் ரௌஸாவை விட்டுவிட்டீர்கள். குர்ஆன் வசனங்களையே கல்லில் சல்லடையாக இழைத்த சன்னல்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் புடவைக் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. எந்தச் சுல்தானும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

சரி, அது உங்கள் வியாபாரம். நான் கேட்க வந்தது சிறியது. வண்டி நிற்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "இங்கே மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள்." தயவுசெய்து உங்கள் வழிகாட்டிகளிடமும் சொல்லிவையுங்கள்.

அத்தாவை இன்னொருமுறை கூட்டிப்போகப் பார்க்கிறேன். அன்று உங்கள் பேருந்தும் வரலாம், தாராளமாக. கத்தச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
23ஆம் இருக்கையில் வந்தவன்