தம்பிக்கு, ஜாமீன் கையெழுத்துக்குப் பதிலாக

தம்பி,

முடிவெடுத்துவிட்டேன். பங்குச் சந்தை வணிகப் பயிற்சிக்குக் கட்டணம் கட்ட நீ வாங்கப் பார்க்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட மாட்டேன். கட்டணம் எவ்வளவு, யார் யாரிடம் கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை எழுத மாட்டேன். இதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது. உன்னோடு அந்தக் குழுவில் சேர்ந்த மற்றவர்களுக்கும் அக்காவோ அண்ணனோ இருப்பார்கள், அவர்களிடமும் இதே பத்திரம் நீட்டப்பட்டிருக்கும்.

பள்ளி நாட்களில் என் கூட்டு வட்டிக் கணக்கில் பிழை கண்டுபிடித்தவன் நீ. அந்தப் பயிற்சி வாத்தியார் முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாயே, அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேலே சிவப்பில் ஒரு கடிகாரம், சலுகை முடிய 15 நிமிடம். அதற்குக் கீழே ‘தினம் ஒரு சதவீதம்’. அதற்கும் கீழே ஏறிக்கொண்டே போகும் ஒரு பச்சைக் கோடு. கடைசியில் யாரோ ஒருவருடைய லாபத்தின் ஸ்கிரீன்ஷாட். “நல்லா பாருக்கா” என்றாய். நல்லாத்தான் பார்த்தேன். பக்கத்தை நீ ஒருமுறை புதுப்பித்தாய். கடிகாரம் மறுபடி 15-லிருந்து ஓட ஆரம்பித்தது. நீயும் அதைப் பார்த்தாய். இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். பச்சைக் கோட்டுக்கு இடது பக்கம் எண்ணே இல்லை, அடியில் தேதியும் இல்லை. அளவு இல்லாத வரைபடத்தில் இரண்டு சதவீத ஏற்றத்தை மலை மாதிரியும் காட்டலாம், மேடு மாதிரியும் காட்டலாம். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தவை முடித்த வியாபாரங்கள் மட்டும். பக்கத்திலேயே முடிக்காத வியாபாரங்களுக்கு இன்னொரு தாவல் (டேப்) இருந்தது, அதை யாரும் திறந்து காட்டவில்லை. லாபத்தில் இருப்பதை விற்று முடித்துவிட்டு, நஷ்டத்தில் இருப்பதைத் திறந்தே வைத்திருந்தால், எந்தக் கணக்கும் வெற்றிகரமாகத்தான் தெரியும். உண்மை தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டியது வேறு: தரகு நிறுவனத்தின் முழு ஆண்டு அறிக்கை, அந்த ஆண்டில் போட்ட பணம், எடுத்த பணம், கடைசி நாள் இருப்பு. இந்த நாலும் இல்லாமல் லாபம் என்று எதைக் காட்டினாலும் அது படம்தான்.

அடுத்து அந்த ஒரு சதவீதம். வருடத்தில் சந்தை திறந்திருப்பது ஏறத்தாழ 250 நாள். 1.01-ஐ 250 தடவை பெருக்கினால் 12.03 வரும். 100 போட்டால் வருட முடிவில் 1,203. ஐந்து வருடத்துக்கு இதையே ஓட்டிப் பார், போட்டது இரண்டரை லட்சம் மடங்காக நிற்கும். உன் போன் கால்குலேட்டரே போதும். இந்த வேகத்தில் பணம் பெருக்கத் தெரிந்தவர் உன்னிடம் தவணை முறையில் கட்டணம் கேட்பாரா? இதைக் கேட்டபோது நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

‘பத்தில் ஏழு வெற்றி’ என்றார் உன் வாத்தியார். பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை, கவனித்துக்கொள். அந்த ஏழு உண்மையாகவே இருக்கலாம். ஜெயிக்கும்போது 1 வந்து தோற்கும்போது 3 போனால் என்ன மிஞ்சும்? ஏழு ஜெயித்தால் 7 வரவு, மூன்று தோற்றால் 9 செலவு. பத்து வியாபாரத்துக்கு 2 நஷ்டம். ஸ்டாப் லாஸை, அதாவது இந்த விலைக்கு வந்தால் நஷ்டத்தோடு வெளியேறுவேன் என்று குறித்த இடத்தை, நகர்த்திக்கொண்டே போகிறவர்களுக்கு இதுதான் நடக்கும். சின்னச் சின்ன லாபங்கள் நிறைய வரும், எப்போதாவது ஒரு பெரிய நஷ்டம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். வெற்றி விகிதத்தைச் சொல்கிறவரிடம் சராசரி லாபத்தையும் சராசரி நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது பாதிக் கணக்கு.

‘நான் ஏற்கெனவே 20 வியாபாரம் செய்து பார்த்தேன், 12 ஜெயித்தது’ என்று நீ எழுதியிருந்தாய். பெருமையாக எழுதியிருந்தாய், அதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நாணயத்தைச் சுண்டிவிட்டு வாங்கி விற்கிறவனுக்கும் 20-க்கு 12 அல்லது அதற்கு மேல் வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபது போதாது. நூறு இருந்தால் பேசத் தொடங்கலாம், அதுவும் செலவு கழித்த பிறகு. ஒருமுறை வாங்கி விற்கும் சுற்றுக்குத் தரகு, வரி, விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்ந்து 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள். முழு முதலையும் போட்டு நாளுக்கு 4 சுற்று, 250 நாள். செலவு மட்டுமே முதலுக்குச் சமம். அந்தச் செலவை ஈடுகட்டிய பிறகுதான் உன் முதல் காசு லாபம்.

நான் பயந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. பார்பர், ஓடீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. பிரேசிலில் 2013 முதல் 2015 வரை தினசரி வணிகம் (வாங்கியதை அன்றே விற்பது) தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றும் உண்டு. முந்நூறு நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டம். குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். போகப் போகக் கை தேறியதற்கும் அதில் சான்று இல்லை. விடாமுயற்சி என்று உன்னிடம் விற்கப்படுவது இந்த முந்நூறு நாளைத்தான்.

இனி கடன். உன்னிடம் சொல்லியிருப்பது ‘12 சதவீத வட்டி, மூன்று வருடம்’. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அது பிளாட் வட்டி என்று இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு வருடம் 12,000, மூன்று வருடத்துக்கு 36,000, ஆக 1,36,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 3,778. அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறாய், ஆனால் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறாய். குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். செயலாக்கக் கட்டணம் என்று 3 சதவீதத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு 97,000 கையில் கொடுத்தால் 23-ஐத் தாண்டும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், எக்செலைத் திற. முதல் நெடுவரிசையில் தேதிகள், இரண்டாவதில் தொகைகள். கையில் வந்த 97,000-ஐப் பிளஸில் போடு, ஒவ்வொரு தவணையையும் மைனஸில் போடு, தேதியையும் தொகையையும் வைத்து ஆண்டு வட்டி விகிதம் கண்டுபிடிக்கும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரத்தை ஓட்டு. இரண்டு இடத்தில் சறுக்கும். எல்லாவற்றையும் பிளஸில் போட்டால் பிழை காட்டும். 97,000-க்குப் பதிலாக 1,00,000 போட்டால் பிழை எதுவும் காட்டாது, விகிதம் மட்டும் குறைவாக வரும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. வருகிற விடை மாதாமாதம் கூட்டு சேர்த்த ஆண்டு விகிதம் என்பதால் நான் மேலே எழுதியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பயப்படாதே, இரண்டும் ஒரே கடன்தான்.

ஜாமீனைப் பற்றி வீட்டில் சொல்லப்பட்டது ‘பேருக்கு ஒரு கையெழுத்து’. அதைச் சொன்னவர் இதைப் படிப்பார் என்பதால் மரியாதையோடு சொல்கிறேன்: பத்திரத்தில் அப்படி இல்லை. நீ தவணை தவறினால், உன்னை முதலில் துரத்திவிட்டு அப்புறம் என்னிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. மொத்த நிலுவையும் அபராத வட்டியும் நேராக என் மேல் வரும். என் கடன் வரலாற்றிலும் ஏறும். கையெழுத்து மறுத்ததற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உன் முகம் போன விதம் நினைவுக்கு வராத நாள் இல்லை. ஆனால் வருத்தப்படுகிறேன் என்பதற்காக 23 சதவீதம் 12 ஆகிவிடாது. ‘உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை’ என்று சொன்னாய் பார், அது அநியாயம். உன்னை நம்பாதவள் உட்கார்ந்து உன் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்திருக்க மாட்டாள். நீ படித்தாயா?

‘அறிவில் போடுற முதலீடு வீணாகாது’ என்று உன் குழுவில் தினம் ஒருவர் போடுகிறார். வீணாகும். 2014-இல் பெர்னாண்டஸ், லின்ச், நெட்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணப் பழக்கங்களில் மனிதர்களிடையே தெரிந்த வேறுபாட்டில், நிதிப் பாடங்கள் விளக்கியது வெறும் 0.1 சதவீதம். பல மணி நேர வகுப்பின் விளைவும் 20 மாதத்துக்குள் மங்கிப் போகிறது. பிறகு 2022-இல் 76 சோதனைகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வு, பாடத்தால் பயன் உண்டு என்று இதை மறுத்தது. ஆக, சண்டை இன்னும் தீரவில்லை. என் கட்சி இது: கையில் ஒரு முடிவு இருக்கும்போது, அந்த முடிவுக்குத் தேவையானதை மட்டும் படித்தால் ஒட்டும். எப்போதோ உதவும் என்று 40 மணி நேர வீடியோ வாங்கி வைத்தால் ஒட்டாது. உனக்குக் கையில் இப்போது ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. மேலே உள்ள எக்ஸ்ஐஆர்ஆர்தான் உன் முதல் பாடம், கட்டணம் இல்லை.

இரண்டாவது பாடத்துக்கு லுசார்டி, மிட்செல் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் அமெரிக்காவில் 50 வயது கடந்தவர்களிடம் கேட்ட மூன்று கேள்விகளை எடுத்துக்கொள். 100-ஐ 2 சதவீத வட்டியில் ஐந்து வருடம் விட்டால் 102-க்கு மேலா, கீழா, சரியாக 102-ஆ? வட்டி 1, விலைவாசி ஏற்றம் 2 என்றால் ஒரு வருடம் கழித்து அந்தப் பணத்தில் இன்றைவிட அதிகமாக வாங்கலாமா, குறைவாகவா? ஒரே நிறுவனத்தின் பங்கு, பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் பங்கு நிதியைவிடப் பாதுகாப்பான வருமானம் தருமா? மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். நீ மூன்றையும் சொல்லிவிடுவாய், தெரியும். அம்மாவிடம் கேட்டுப் பார், அவரும் முதல் இரண்டைச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது பாடம் சலிப்பானது, ஆனால் பணம் அதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் 100. ஒரு பங்கு நிதி வருடத்துக்கு 1.5 சதவீதம் கட்டணம் எடுக்கிறது, இன்னொன்று 0.2. முப்பது வருடம் கழித்து முதலாவதில் 661, இரண்டாவதில் 952. யாருக்கும் திறமை கூடவில்லை, கட்டணம்தான் குறைந்தது. அமெரிக்காவில் ஜான் போகில் என்பவர் 1976-இல் சாதாரண மக்களுக்கான முதல் குறியீட்டு நிதியை, அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்துக் குறைந்த கட்டணம் எடுக்கும் நிதியை, தொடங்கியபோது 15 கோடி டாலர் எதிர்பார்த்து 1.13 கோடிதான் சேர்ந்தது. முட்டாள்தனம் என்று சிரித்தார்கள். இதைக் கற்க ஒரு மாலை போதும், அதனால்தான் இதை யாரும் உனக்குக் கட்டணம் வாங்கிக் கற்பிக்க மாட்டார்கள்.

வணிகம்தான் வேண்டும் என்றால் செய், நான் தடுக்கவில்லை. ஒரு நோட்டு எடு. வாங்குவதற்கு முன் எழுது: என்ன விலை, எங்கே வெளியேறுவேன், நஷ்டம் எவ்வளவு வரை, ஏன். முடித்த பிறகு எழுதினால் ‘ஏன்’ என்ற இடத்தில் மனசு தனக்குச் சாதகமான காரணத்தை எழுதிக்கொள்ளும். பணம் போடாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பார்க்கும் காகித வணிகத்தில் திரையில் தெரிந்த விலையே கிடைத்ததாக எழுதாதே. வாங்கும்போது விற்பவர் கேட்கும் விலையையும், விற்கும்போது வாங்குபவர் தரும் விலையையும் போடு. ஒரு வியாபாரத்தில் முதலின் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி அளவை வை. தொடர்ந்து பத்து தோற்றாலும் 100-இல் 81.7 மிஞ்சும். ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் விட்டால் அதே பத்தில் 34.9 மிஞ்சும், அங்கிருந்து பழைய இடத்துக்கு வர 187 சதவீதம் லாபம் வேண்டும். நூறு வரி ஆனதும் கொண்டு வா. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், அதற்குள் பேசாமல் இருந்துவிடாதே.

பயிற்சி நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுத்தில் கேள். போனில் வேண்டாம், போனில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்பார்கள். கட்டணம் திருப்பித் தருவது எத்தனை நாளுக்குள், எந்த நிபந்தனையில், எத்தனை வகுப்பு பார்த்தால் அது ரத்தாகும்? கடன் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் உண்டா? நீ பாதியில் விலகினால் கடன் ரத்தாகுமா, இல்லை வகுப்பு நின்ற பிறகும் தவணை ஓடுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எனக்கு அப்படியே அனுப்பு. அதுவரை அம்மாவின் வைப்புத்தொகையை முறிப்பது பற்றி வீட்டில் பேச்செடுக்காதே. எடுத்தால் இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவுக்கும் போட்டுக் காட்டுவேன்.

அக்கா