கோல் கணக்கைப் பார்த்து ஃபார்வர்டு எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டிச் செய்திகளில் கோல் போட்ட பையனின் பெயரும் நிமிடமும் தவறாமல் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோல் கணக்கை வைத்தே பல இடங்களில், முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டிய ஃபார்வர்டைத் தேர்வு செய்துவிடுகிறார்கள். 13 வயதில் ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டவன் 17 வயதில் அணியிலேயே இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியிருக்கும். கோடை முகாம்களுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேரம் என்பதால் எழுதுகிறோம்.

சிறுவர் பிரிவில் கோல் மழை பொழிகிறவன் அநேகமாக முந்தி வளர்ந்தவன். ஆண்பிள்ளைகளுக்கு 13, 14 வயதை ஒட்டி ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரம் கூடும். ஒருவனுக்கு அது 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 15 ஆகும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். முந்தியவன் பந்தைத் தட்டிவிட்டு ஓடினாலே போதும், அவனைத் தடுக்க நிற்கும் நடுப் பின்கள ஆட்டக்காரனான ஸ்டாப்பர் பின்தங்கிவிடுவான். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள பெரியவர்களின் கோலுக்குள் ஒரு சின்னப் பையனைக் கீப்பராக நிறுத்தினால், அவன் தலைக்கு மேலே தூக்கி அடிப்பதெல்லாம் கோல்தான். மற்றவர்களும் வளர்ந்து சமமானதும் இந்த ஒரு வித்தை தீர்ந்துபோகிறது. வேறெதையும் அவன் கற்றிருக்க மாட்டான், அதுவரை தேவைப்படவில்லையே.

ஆகவே தேர்வுக்கு நிற்பவர்கள் பந்தைப் பார்க்காமல் பையனைப் பார்க்கட்டும். பந்து எதிர்ப்பக்க விங்கரிடம் (ஓரத்தில் ஆடுபவனிடம்) இருக்கும்போது அவன் என்ன செய்கிறான்? ஸ்டாப்பரின் கண்ணுக்கு முன்னால் மரம் போல நின்றால் அவனுக்கு வேலை தெரியவில்லை. தோளுக்குப் பின்னால், ஸ்டாப்பர் பந்தையும் ஆளையும் ஒருசேரப் பார்க்க முடியாத இடத்தில் நின்றால் பாதி தேறினான். தூரக் கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்துப் போக்குக் காட்டிவிட்டு, விங்கர் பந்தை அடிக்கத் தலையைக் குனியும் அந்த நொடியில் கிட்டக் கம்பத்துக்குப் பாய்ந்தால், கோலே போடாவிட்டாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நொடி முந்தினால் ஆஃப்சைடு அல்லது கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்து) முதுகுக்குப் பின்னால் போகும். ஒரு நொடி பிந்தினால் ஸ்டாப்பர் தட்டிவிடுவான்.

பெரிய ஆட்டங்களில் பெரும்பாலான கோல்கள் கோலுக்கு முன்னுள்ள 16.5 மீட்டர் பெட்டிக்குள்ளிருந்துதான் வருகின்றன, அதுவும் அதிகம் ஒரே தொடுதலில். நம் பயிற்சியிலோ 25 மீட்டரிலிருந்து நின்ற பந்தை வரிசையில் வந்து உதைக்கிறார்கள். ஒருவனுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு உதை. அதற்குப் பதில் பெனால்டி புள்ளிக்கும் 5.5 மீட்டர் கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, இரு பக்கமிருந்தும் மாற்றி மாற்றிப் பந்தை உருட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 8 பந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிட ஓய்வு, நாலு சுற்று. 14 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு அது போதும். அதற்கு மேல் போனால் அரையிடுக்கு பிடித்துக்கொள்ளும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, விரல்நுனி கோலைப் பார்த்து இருக்க வேண்டும். பந்துக்குப் பின்னால் ஊன்றினால் உடம்பு சாய்ந்து பந்து கம்பத்துக்கு மேலே போகும். பார்ப்பவர்கள் அவசரப்பட்டான் என்பார்கள். தவறு காலில்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் இறுகிக் கிடக்கும் நம் செம்மண் கிரவுண்டில் அடியில் நீளமான ஸ்டட் (முளை) உள்ள பூட்ஸ் போட்டால் அது மண்ணில் இறங்காது, குதிகாலைக் குத்தும். 9 முதல் 13 வயதில் குதிகால் எலும்பு வளரும் இடத்திலும், அதற்குச் சற்றுப் பிந்தி முட்டிக்குக் கீழேயும் வரும் வலி வளர்ச்சியோடு சேர்ந்தது. வலியோடு குதிக்க விடக்கூடாது. குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ரப்பர் ஸ்டட்தான் இந்தத் தரைக்குச் சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து குறித்து வையுங்கள். சட்டென்று எகிறும் காலத்தில் ஓட்டத்தைக் குறையுங்கள். 14 வயதுக்கு மேல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற 20 நிமிட உடற்சூடு வாரத்துக்கு இரண்டு முறையாவது வேண்டும். அதிலுள்ள ஹாம்ஸ்டிரிங் (பின்தொடைத் தசை) பயிற்சியில், மண்டியிட்டவனின் கணுக்காலைக் கூட்டாளி பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். 3 முதல் 5 தடவையில் தொடங்கினால் போதும். முதல் நாளே 15 செய்தவன் மறுநாள் நடக்க மாட்டான்.

ஏற்காட்டுக்கு ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சேலத்தில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்த பந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூடும், குளிரில் கொஞ்சம் இறங்கும். மேலே போய் அளந்து பாருங்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றும் லேசு. கிராஸ் நினைத்ததைவிடத் தள்ளி விழும்.

தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் சந்தை நிலவரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் தமிழகத்து ராமன் விஜயன். 2018-19-இல் சென்னை சிட்டி ஐ-லீக் கோப்பையை வென்றபோது 21 கோல் போட்டவர் உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி. கழகங்கள் அயல்நாட்டவருக்கு முதலில் கொடுக்கும் இடம் நடு ஃபார்வர்டு, நம் பையன்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். ஓரத்திலும் ஆடத் தெரியாதவனுக்கு வேலை கிடைப்பது கடினம். உயரம் குறைவு என்று கழித்துக்கட்டுபவர்களுக்கு இந்திய அணியின் ஃபார்வர்டு சுனில் சேத்ரி போதும். 170 செ.மீ. உயரம், 2024-இல் ஓய்வு பெற்றபோது இந்தியாவுக்காக 151 ஆட்டத்தில் 94 கோல். 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகப் போட்ட 95-ஆவது கோல் தலையால் முட்டிய ஹெட்டர்!

பெற்றோர் கவனிக்க வேண்டியது காகிதம். 18 வயது நிரம்பாதவரை வெளிநாட்டுக் கழகத்துக்கு மாற்ற, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா விதி இடம் தராது. ‘ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன்’ என்று 15 வயதுப் பையனுக்காகப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 18-க்குள் போடும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அடிபட்டு உட்கார்ந்தால் சம்பளம் உண்டா, வைத்தியச் செலவு யாருடையது என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உள்ளூர்க் கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு வீரர் பின்னாளில் வெளிநாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு கால் விழுக்காடு. அதாவது ஒரு கோடிக்கு நாலு ஆண்டுக்கு ஒரு லட்சம். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் பெயர் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்ற மையப் பதிவு முறையில் பெயர் சேர்ப்பதை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட கழகத்துக்கு நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி போட்டி முடிவுகளைப் போடும்போது வயதுப் பிரிவையும், கோலுக்குப் பந்து கொடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்றுநர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.