செயலி கொடுத்தீர்கள், சொல்லிக்கொடுக்க ஆள் கொடுத்தீர்களா?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவுகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு, அறிக்கை, கம்ப்யூட்டர் மூன்றையும் பார்க்கும் ஆள் நான். உங்கள் விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதும் நான்தான்.

அந்தப் படிவங்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள், அதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? "தேவைகளை ஆராய்ந்து, பலவற்றை ஒப்பிட்டு" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அது பொய். கணக்கு எழுதும் டேலி வந்தது எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் அது இருந்ததால். கூகுள் ஃபார்ம் ஒரு கல்லூரி மாணவர் விட்டுச்சென்றது. வாட்ஸ்அப்பை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

போனிலேயே கணக்கெடுப்பு நடத்த உதவும் கோபோ டூல்பாக்ஸ் வந்தது ஒரு டீக்கடையில். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்து நின்றபோது, பக்கத்து ஒன்றியத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா தன் போனில் வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றைக் காட்டினார். கேள்விகள் தமிழில் இருந்தன. "சிக்னல் இல்லாத ஊர்ல என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "போன்லயே கிடக்கும், ரோட்டுக்கு வந்தா தானா போயிடும்" என்றார். எங்கள் அளவு வேலைக்குக் காசும் இல்லை. அடுத்த வாரம் பஸ் ஏறி வந்து, எங்கள் களப்பணியாளர்கள் ஐந்து பேரைச் சுற்றி உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கருவியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எங்கேயாவது எழுதிவைத்திருப்பதுதான். ஆனால் களத்தில் ஒரு தாய் பதில் சொல்லத் தயங்கும்போது எந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் அதே தெருக்களில் நடப்பவர்.

இப்போது உங்கள் பக்கத்துக் கதை. உங்களில் ஒருவர் தந்த நிதியோடு ஒரு செயலியும் வந்தது. பயிற்சி ஜூமில், ஒரு மணி நேரம், ஆங்கிலத்தில். எங்கள் பணியாளர்கள் மரியாதைக்காக மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். எங்கள் குழந்தைகளுக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஒருவர் அப்பா பெயரைப் போட்டார், ஒருவர் ஊர்ப் பெயரை, இன்னொருவர் வெறும் புள்ளி வைத்தார். இப்படி ஒரே பிள்ளை மூன்று பிள்ளைகளானாள். வருட முடிவில் மாணவர் எண்ணிக்கை கூடியிருப்பதாகப் பாராட்டி மின்னஞ்சலும் வந்தது! திருத்திச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை.

சரி, பெயர்ப் பிரச்சினையைச் சிரித்துக் கடந்துவிடலாம். கற்றுக்கொள்வதற்குப் பணம் கேட்டால்தான் சிரிப்பு நிற்கிறது. "அது நிர்வாகச் செலவு, ஐந்து சதவீத வரம்புக்குள் அடங்காது" என்கிறீர்கள். 2021-இல் திருத்திய சி.எஸ்.ஆர். விதிகளை நானும் படித்தேன். அந்த ஐந்து சதவீதம் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அந்த வரையறையே சொல்கிறது. நீங்கள் கேட்கும் கண்காணிப்புத் தகவலைச் சேகரிக்க எங்கள் பணியாளர் ஒரு கருவியைப் பழகுவது, என் கணக்கில், இதற்குள்தான் வரும். வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்கு 2020-இல் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-லிருந்து 20 சதவீதமாக இறங்கியதிலிருந்து, அந்த நிதியே வாங்காத எங்களைப் போன்றவர்களும் "நிர்வாகம்" என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறோம். அந்த நடுக்கத்தை நீங்களும் சேர்ந்து வளர்க்க வேண்டாமே.

தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருளைச் சலுகையில் வாங்கித் தரும் டெக்சூப் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அது 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் காம்ப்யூமென்டர் என்று ஆரம்பித்தபோது செய்த வேலை வேறு. கம்ப்யூட்டர் தெரிந்த தன்னார்வலரைத் தெரியாத அமைப்போடு சேர்த்துவைத்தது. முதலில் ஆள், அப்புறம்தான் பெட்டி. நீங்கள் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. களப்பணிக்கென்றே அவ்னி என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளைப் பெங்களூரில் சமன்வய் ஃபவுண்டேஷன் உருவாக்கியிருக்கிறது. சில மணி நேர ரயில் தூரத்தில் இருப்பது எங்கள் காதுக்கு வரவே வருடங்கள் ஆயின. நீங்கள் பத்து ஊர்களில் பத்து அமைப்புகளுக்கு நிதி தருகிறீர்கள். யார் எதை வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அதை எங்களுக்குச் சொல்லலாம். ஒரு மையத்தின் பணியாளர் இன்னொரு மையத்தில் இரண்டு நாள் தங்கிப் பார்க்க பஸ் கட்டணமும் அந்த இரண்டு நாள் சம்பளமும் தரலாம். டீக்கடை அக்காவுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சாப்பாடுதான். அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக ஒன்று, இது உங்களில் அந்த ஒருவருக்கு. திட்டம் முடிந்த அன்றே எங்கள் லாகின் மூடப்பட்டது. மூன்று வருட வருகைப் பதிவு உங்கள் சர்வரில் இருக்கிறது. புள்ளி வைத்த பிள்ளைகள் உட்பட எல்லாவற்றையும் ஓர் எக்ஸல் கோப்பாக அனுப்பிவையுங்கள். யார் யார் என்று நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அறிக்கை அனுப்பும் ஆள்