விஜயாவுக்கு

விழுப்புரம்

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. நித்யா கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். வர முடியாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, காலையில் பேப்பரை முதலில் பிடுங்கிக்கொள்வது அவள்தான்.

சரி, உன் கொழுந்தன் விஷயத்துக்கு வருகிறேன். "அட்டாக்ஸியாவுக்கு மருந்து இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். நடை தள்ளாடி, கை கால் அசைவு தடுமாறும் இந்த நோய்க்கு எட்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். அதை நம்பி இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டோம். நீங்கள் அப்படி இருக்கக் கூடாது.

என் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது எஸ்.சி.ஏ. 1, பரம்பரையாக வரும் ஒரு வகை அட்டாக்ஸியா. அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளை இதில் தேய்ந்துகொண்டே போகும். அதை நிறுத்தும் மாத்திரை இன்னும் இல்லை, அது உண்மை. ஆனால் பிசியோதெரபி பலன் தருகிறது. ஜெர்மனியில் ட்யூபிங்கன் ஊரில் நான்கு வாரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். நடையும் உடலின் சமநிலையும் தேறின. பயிற்சியை விடாதவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் பலன் இருந்தது. எங்கள் பிசியோதெரபிஸ்ட் இதைச் சொன்ன பிறகுதான் இவருக்கே நம்பிக்கை வந்தது.

ஃப்ரெங்கெல் பயிற்சி என்று ஒன்று. பாயில் படுத்து, ஒரு குதிகாலை மற்ற முழங்காலில் வைத்து, முன்னெலும்பை ஒட்டியே கணுக்கால் வரை மெல்ல இழுக்க வேண்டும். கண் குதிகாலை விட்டு நகரக் கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முதல் வாரம் குதிகால் பாதி வழியில் பாய்க்குச் சறுக்கி விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் கணுக்கால் வரை நேராக வந்து நின்றது. அன்று இவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது!

சாப்பாட்டையும் கவனிக்கச் சொல். தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும், கஞ்சி அவ்வளவு ஏறாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்க ஸ்பீச் தெரபிஸ்ட் பழக்கினார். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்காமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். டீயை கனமான டம்ளரில் பாதி அளவே ஊற்றுகிறேன். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, யார் உதவியும் இல்லாமல் குடிக்கிறார். தூக்கித் தூக்கி வைக்கிற வாக்கரை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். தூக்கும்போதுதான் இவர் சாய்ந்தார். சக்கரமும் பிரேக்கும் உள்ளது சரியாக இருக்கிறது.

அப்புறம் கவுன்சலிங். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் குடிகாரன் என்று திட்டியதிலிருந்து இவர் வாசல்படியே தாண்டவில்லை. நடையைவிட அந்த முடக்கம்தான் கொடுமையாக இருந்தது. வாரம் ஒருமுறை பேசிப் பேசித்தான் மறுபடி கோயில் வரை வர ஆரம்பித்தார்.

மகள் விஷயத்தில் தப்பு என்னுடையது. இந்த வகை, பெற்றவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று அவளை நச்சரித்தேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவள் உரிமை என்றார். "இப்போது வேண்டாம்மா" என்று வெளியே வந்து சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. நான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன் கொழுந்தன் பிள்ளைகள் சின்னவர்கள். அறிகுறி ஏதும் இல்லாதபோது அவர்களுக்கு இப்போதே டெஸ்ட் எடுக்க வேண்டாம், வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும். உன் ஓரகத்தியையும் கவுன்சலிங்கில் உட்காரச் சொல். கவனித்துக்கொள்கிறவளை யாரும் கேட்பதில்லை.

பொங்கலுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. பாயில் எப்படிச் செய்வது என்று இவரே காட்டுவதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
செல்வி